நூல் கட்டிய தட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் போடுகிறார்கள்.
அண்ணன் வந்திருக்கிறான்
மாத்திரை டப்பாவும் கைத்தடியுமாக,
ஆனைமலையிலிருந்து டாக்ஸி பிடித்து.
"நம்மூட்டுப் படம், அம்மிணி."
நம்மூடு என்றுதான் இன்னும் சொல்கிறான்.
அது அவனூடாகி முப்பத்தெட்டு வருசம்.

கறுப்பு வெள்ளையில்
எங்கள் மாடிப்படி நிஜத்தைவிட உயரம்.
கேமராவைத் தரையில் படுக்கப்போட்டு எடுத்தார்கள்.
அந்த நடுராத்திரி பகல் பதினொரு மணி,
அந்த மழை எங்கள் பம்புசெட்டுத் தண்ணி.
தோப்பில் தென்னை குரும்பை உதிர்த்துக்கொண்டிருந்த வருசம்
ஜன்னலுக்கு வெளியே மட்டும்
பதினொரு நாள் அடைமழை.

கதை இதுதான்: பெரியவர் சாகிறார், உயில் மாறுகிறது.
மருமகன், தம்பி, டாக்டர், சமையல்காரன்
ஆளுக்கொரு சாவி வைத்திருக்கிறார்கள்.
பாலில் கலந்தது யாரென்று
கடைசி ரீல் வரைக்கும் தெரியாது.

உயிலுக்குக் குளோசப் வேண்டுமாம்.
டைரக்டருக்கு எங்கப்பன் கையெழுத்து பிடித்துப்போனது.
கு. அங்கண்ணன்.
கடைசி ன்-னின் வால்
ஏர்க்கொழு மாதிரி கீழிறங்கி மண்ணைக் கீறும்.
அதற்காகப் பாத்திரத்தின் பெயரையே மாற்றினார்கள்.
"நாஞ் சாகறதப் பாக்க
நானே டிக்கெட் எடுக்கோணுமாக்கு?"
என்று அப்பன் சிரித்தார்.

ஆர்ட் அசிஸ்டென்ட் பரந்தாமன்
தேங்காய்க் கிடங்கில் உட்கார்ந்து
தாள் தாளாக எழுதிப் பழகினார்.
மசி எடுத்துக் கொடுத்தவன் அண்ணன்.
பத்தொன்பது வயசு.
கதாநாயகியைப் பார்க்கக்கூட எந்திரித்து வரவில்லை,
என்ன அடக்கமான பையன் என்று
சின்னம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

மறுவருசம் கரும்பாட்டும்போது
அப்பனின் வலதுகை ஆள்காட்டி விரல் போனது.
அப்புறம் அந்தக் கொழு நேராக இறங்கியதே இல்லை.
சொசைட்டிக் கடன் ரசீது,
என் மகன் பிறந்தபோது போட்ட மணியார்டர்,
சாகிற வாரம் எழுதிய கார்டு
எல்லாவற்றிலும் கோணி, நடுங்கி, பாதியில் நிற்கும்.
எல்லாம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

பொள்ளாச்சி வக்கீல் எடுத்துக் காட்டிய உயிலில்
தேதி, அவர் சாவதற்கு மூன்று மாசம் முன்னால்.
வால் நேராக இறங்கியிருந்தது.
"ஆட்சேபணை உண்டாங்கம்மா?"
என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் சொன்னார்:
"அண்ணந் தங்கச்சிக்குள்ள கேசு எதுக்குங்?"
அவர் லாரிக்கு முன்பணம்
யார் கட்டினார்களென்று
டயர் தேய்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விளம்பரம். சிமெண்ட், சேமியா, மறுபடி சிமெண்ட்.
அண்ணன் கைத்தடியை இடது கைக்கு மாற்றுகிறான்.

வருகிறது.
டிவி முழுக்க அங்கண்ணன்.
ஒரு கை நுழைந்து தாளை மடிக்கிறது.
மூன்று விநாடி இருக்கும்.
நான் அவனைப் பார்க்கவில்லை.
அவன் என்னைப் பார்த்தது
டிவி கண்ணாடியில் தெரிந்தது.

"சவுண்டு வெக்கட்டுமா, அம்மிணி?"
"வேண்டாம். வசனம் தெரியும்."

அடுத்த ஷாட்டில் நான் இருக்கிறேன்.
பதினாலு வயசு, பாவாடை தாவணி,
காபித் தட்டோடு கதவருகில்.
எல்லாம் தெரிந்த வேலைக்காரப் பெண்,
அதனால் தட்டு நடுங்கவேண்டும் என்றார் டைரக்டர்.
எனக்கு நடுங்கவில்லை.
ஆறு டேக்.
ஏழாவதில் தட்டுக்கடியில் நூல் கட்டிக்
கதவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தர் இழுத்தார்.
டம்ளர்கள் கலகலத்தன, எல்லோரும் கைதட்டினார்கள்.
இழுத்தவர் யாரென்று
படத்தில் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எழுந்துபோய்
சர்க்கரை போடாமல் ஆற்றி எடுத்து வந்தேன்.
கதவருகில் நின்றேன்,
வேண்டுமென்றேதான்.
தட்டு ஆடவில்லை.
அண்ணன் டம்ளரை எடுக்காமல்
தட்டுக்கு அடியிலேயே
பார்த்துக்கொண்டிருந்தான்.